கரையேறிய பிறகு

(கொடைக்கானலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அயல்நாட்டுப் போர்களில் அல்லல்படும் மக்களுக்கு ஒரு நாட்டின் அறக்கடமை என்ன என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கேட்டவுடன் மனம் நியூயார்க்குக்கும் ஜெனீவாவுக்கும் போய்விடுகிறது. கண்டனத் தீர்மானம், வீட்டோ, பொருளாதாரத் தடை, அமைதிப்படை என்று பேச்சு அந்தப் பக்கமே ஓடும். உக்ரைன், காசா, சூடான் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போனால் நமக்குக் கொடுத்த நேரமும் தீர்ந்துவிடும். கேட்டவர்கள் கனத்த மனத்தோடு வீடு திரும்புவார்கள். அந்தக் கனம் பெரும்பாலும் மறுநாள் காலை வரை நிற்பதில்லை.

நான் இந்த மலையை விட்டு அதிகம் விலகப்போவதில்லை. சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த நாட்டில் போர் நடக்கும்போது நாம் என்ன பேசினோம், எப்படி வாக்களித்தோம் என்பது கடமையின் ஒரு பகுதி. அந்த மக்கள் தப்பிவந்து நம் கரையில் ஏறிய பிறகு அவர்களை என்ன செய்தோம் என்பது இன்னொரு பகுதி. முதலாவதில் நம் கை எட்டாத இடங்கள் உண்டு. இரண்டாவதில் சாக்குச் சொல்ல இடமே இல்லை, ஏனென்றால் அது நடப்பது நம் மண்ணில். அந்த இரண்டாவது கடனை நாம் பாதி பாதியாகத்தான் தீர்த்திருக்கிறோம். ஒரு பாதியை ஒரு கூட்டத்தாருக்கும், மறு பாதியை வேறொரு கூட்டத்தாருக்கும் கொடுத்திருக்கிறோம். முழுதாக யாருக்கும் கொடுக்கவில்லை. அதற்கு இந்த மலையும் இதன் அடிவாரமும் சாட்சி.

கடல் கடந்து இந்த மலைக்கு வந்தவர்கள்

கொடைக்கானலுக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது. மதுரையில் அமெரிக்க மிஷன் தொடங்கியது 1834இல். அதைத் தொடங்கியவர்கள் யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே பணியாற்றிவந்த அமெரிக்கப் பாதிரிமார்கள். சமவெளியின் வெக்கையிலும் காலராவிலும் அவர்களுடைய குடும்பங்கள் மடிந்தன. உயிர் பிழைக்க இடம் தேடி 1845இல் இங்கே இரண்டு வீடுகள் கட்டினார்கள். கொடைக்கானல் என்ற ஊர் அப்படித்தான் பிறந்தது. அயல்நாட்டவர் உயிர்பிழைக்க வந்து தங்கிய இடமாகவே இந்த ஊரின் வரலாறு தொடங்குகிறது. காலங்காலமாக இங்கே வாழ்ந்த பளியரையும் புலையரையும் அப்போது யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்து 1936. சுற்றுலாப் பயணிகள் அனைவரும் போய்வரும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டியவர் லீலாவதி இராமநாதன். பிறப்பால் ஐரோப்பிய வம்சத்தவர். யாழ்ப்பாணத் தமிழரின் பெருந்தலைவரான சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். கோயிலிலிருந்து பார்த்தால் பழனி தெரியும். இலங்கைத் தமிழ்ச் சமூகத்தின் உச்சியில் இருந்த ஒரு குடும்பம் இந்த மலையில் விட்டுச்சென்ற அடையாளம் அது.

மூன்றாவதாக வந்தவர்களுக்கு இங்கே கோயிலும் இல்லை, பங்களாவும் இல்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த அந்தத் தொழிலாளர்களை ஊர்க்காரர்கள் 'சிலோன்காரர்கள்' என்றார்கள். அரசாங்கக் கோப்பில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. பலர் பிறந்ததும் அங்கே, அவர்களுடைய தாய் தந்தையர் பிறந்ததும் அங்கே என்றாலும் கோப்புக்கு அதுவே தாயகம் திரும்புதல்.

கணக்கில் பிரிக்கப்பட்டவர்கள்

சுதந்திர இலங்கையின் முதல் பெரிய சட்டங்களுள் ஒன்று 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். அதுவும் அடுத்த ஆண்டு வந்த சட்டமும் சேர்ந்து தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கின. 1947 தேர்தலில் அவர்களுடைய இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றிருந்தது. அந்த வாக்குரிமையும் போயிற்று. இந்தச் சட்டங்களில் இரண்டாவதை அன்றைய யாழ்ப்பாணத் தலைமையில் ஒரு பகுதியே ஆதரித்தது. அதை எதிர்த்துப் பிரிந்துபோய்த்தான் 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். துன்பப்படுபவன் நம் மொழி பேசுகிறான் என்பதற்காக மட்டுமே நமக்கு அறம் வந்துவிடாது என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தியா தன் பங்குக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் இலங்கையின் மக்களே என்று சொல்லிவந்தது. நேரு அந்த நிலையில் உறுதியாக இருந்தார். அவர் மறைந்த சில மாதங்களில், 1964 அக்டோபர் 30 அன்று, லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்து, 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். மனிதர்களை இப்படிப் பாகம் பிரித்ததில் அந்த மனிதர்களைக் கேட்கவில்லை. அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டிலும் தம்பி இலங்கைக் குடியுரிமையிலும் சிக்கி, குடும்பங்கள் நடுவில் அறுந்தன.

இது போரா என்று நீங்கள் கேட்கலாம். துப்பாக்கி வெடிக்கும் நாளில்தான் போர் தொடங்குகிறது என்று எண்ணினால் இது போரில்லை. ஆனால் 1977இலும் 1981இலும் 1983இலும் தோட்ட லயங்கள் எரிந்தபோது, முடிவெடுக்காமல் இருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள். சிலர் இந்தியா வந்தார்கள். சிலர் பாதுகாப்பு என்று நம்பி வன்னிக்குப் போய்க் குடியேறி, பின்னாளில் அங்கே போரின் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு கூட்டத்தாரின் உரிமையை முதலில் காகிதத்தில் பறித்தார்கள். பின்னர் அவர்களைத் தெருவில் அடிப்பது எளிதாயிற்று.

கூப்பு

தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தவர்களிடம் இந்திய அரசின் குடும்ப அட்டை இருந்தது. அதைக் காட்டினால் மறுவாழ்வு உதவி கிடைக்கும். திட்டங்கள் இல்லாமலில்லை. நீலகிரியில் அவர்களுக்கென்றே 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன; இன்றைய டான்டீ அதிலிருந்து வந்தது. நூற்பாலை வேலை, நிலக் குடியேற்றம், சிறுதொழில் கடன் என்று பலவும் இருந்தன. தொழில் கடனாகக் கொடுத்தது 5,000 ரூபாய். கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு வேலை அறியாத குடும்பத்திடம் அந்தத் தொகையைக் கொடுத்து, சமவெளி ஊர் ஒன்றில் பெட்டிக்கடை வை என்றால் அது எத்தனை மாதம் தாங்கும்? கடை போயிற்று. குளிரும் மலையும் பழகிய உடம்பு மறுபடி மலையைத் தேடியது. நீலகிரிக்கு ஏறியவர்கள் பலர். கொடைக்கானலுக்கு ஏறியவர்களும் உண்டு.

இங்கே அவர்களுக்கு என்ன வேலை காத்திருந்தது? மேல்மலைப் புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் நட்டு வளர்த்த காலம் அது. சீகைப் பட்டை தோல் பதனிடப் போகும். மரம் ஆலைக்குக் கூழாகப் போகும். மரம் வெட்டும் கூப்புகளை ஏலம் எடுத்த காண்ட்ராக்டர்களுக்கு ஆள் வேண்டும். ஊர் பேர் தெரியாத, உறவு இல்லாத, கேட்பாரற்ற ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது. முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். காட்டுக்குள் தார்ப்பாய்க் குடிசை போட்டுக் குடும்பத்தோடு தங்கவைத்தார்கள். அரிசி பருப்பெல்லாம் காண்ட்ராக்டர் கணக்கில் வரும். வாரக் கடைசியில் கூலியைக் கழித்தால் கடன்தான் மிஞ்சும். கடன் இருக்கும்வரை கூப்பை விட்டுப் போக முடியாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அது வந்து பல ஆண்டுகள் கழித்து, எண்பதுகளில், இந்த மலைக் காடுகளில் தாயகம் திரும்பியோர் கொத்தடிமைகளாகக் கிடப்பது வெளியே தெரிந்தது. சமூக அமைப்புகள் போராடி அவர்களை மீட்க வேண்டியிருந்தது.

இவர்கள் வெளிநாட்டவர் அல்லர், ஒப்பந்தப்படி முழு இந்தியக் குடிமக்கள். வாக்குரிமை உண்டு, கடவுச்சீட்டு உண்டு. நிலம் மட்டும் இல்லை. சாதிச் சான்றிதழ் கேட்டால் பூர்வீக ஊர் எது என்று கேட்டார்கள். மூன்று தலைமுறைக்கு முன் திருச்சியிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ கங்காணியோடு போனவரின் பேரன் எந்த ஊர்ப் பெயரைச் சொல்வான்? குடியுரிமையைக் கொடுத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று டில்லி நினைத்தது. வாழ வழி இல்லாத குடியுரிமை அவர்களைக் காண்ட்ராக்டரின் கையில் கொண்டுபோய் விட்டது.

அடிவாரத்தில் இன்னொரு பாதி

இப்போது மலையிறங்கி வாருங்கள். திண்டுக்கல்லுக்கு அருகே தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் 321 வீடுகளை முதலமைச்சர் திறந்துவைத்தார். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பிவந்த இலங்கைத் தமிழர்களுக்கான வீடுகள் அவை. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்க்கு மேல் திட்டங்களை அறிவித்தபோது, அகதிகள் முகாம் என்ற பெயரையும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பத்துக்குப் பத்து அடி அறையில் இரண்டு தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு நல்ல சுவரும் கழிப்பறையும் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. மாத உதவித்தொகையையும் உயர்த்தினார்கள். குறைசொல்லிப் பழகிய நாக்கு நல்லதைச் சொல்லவும் பழக வேண்டும். ஆட்சிகள் மாறினாலும் ரேஷனும் பள்ளிக்கூடமும் நிற்காமல் பார்த்துக்கொண்ட மாநிலங்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

1983 ஜூலை முதல் 2010 வரை நான்கு அலைகளாக வந்தவர்கள் 3,04,269 பேர் என்பது அரசின் கணக்கு. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு முன்னர் மட்டும் 1,34,053 பேர். பெரும்பாலோர் பின்னாளில் திரும்பினார்கள் அல்லது வேறு நாடுகளுக்குப் போனார்கள். இன்று முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். முகாமுக்கு வெளியே பதிவோடு வாழ்பவர்கள் இன்னும் முப்பதாயிரத்துக்கு மேல். முகாம்வாசிகளில் மிகப் பலர் இங்கேயே பிறந்தவர்கள், தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் படித்தவர்கள். பொறியியல் படித்துவிட்டு வண்ணமடிக்கப் போகும் இளைஞன் எல்லா முகாமிலும் உண்டு. கடவுச்சீட்டு இல்லை, அரசு வேலைக்கு மனுப்போட முடியாது. முகாமை விட்டு வெளியூர் போனால் கணக்கெடுப்பு நாளுக்குள் திரும்ப வேண்டும்.

மலைமேல் இருப்பவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தோம், வாழ வழி கொடுக்கவில்லை. அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு வாழ வழி ஓரளவு கொடுத்திருக்கிறோம், குடியுரிமை கொடுக்கவில்லை. இடையில் இன்னொரு பிரிவினரும் இருக்கிறார்கள். முகாம்களில் இருப்பவர்களில் பல ஆயிரம் பேர் மலையகத் தமிழர். 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியராகப் பதிவாகியிருக்க வேண்டியவர்கள். வன்முறைக்குப் பயந்து வள்ளம் ஏறி வந்ததால் அகதியாகிவிட்டார்கள். அப்படிப்பட்ட 65 பேர் தொடுத்த வழக்கில்தான் 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களுடைய குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு உத்தரவிட்டார். இரண்டு நாடுகளும் எழுத்தில் ஏற்றுக்கொண்ட கடன்கூட, ஏறிவந்தது கப்பலா வள்ளமா என்ற கேள்வியில் காணாமல்போகும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா?

தூரத்தில் காட்டிய வீரம்

நாம் போரை நிறுத்தப் பாடுபட்டோமே, அது கடமை இல்லையா என்பீர்கள். பாடுபட்டோம்தான். எப்படி என்றும் பார்ப்போம். எண்பதுகளில் இந்தியா தமிழ் இயக்கங்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது. 1987 ஜூன் 3ஆம் தேதி செஞ்சிலுவைக் கொடியோடு போன உணவுப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் ஏறத்தாழ 25 டன் உணவுப் பொருளைப் போட்டன. அதன் பெயர் பூமாலை நடவடிக்கை. அடுத்த மாதம் ஒப்பந்தம் வந்து அமைதிப்படை இறங்கியது. அக்டோபரில் அதே யாழ்ப்பாணத்தில் சண்டை. பொது மருத்துவமனைக்குள் படை புகுந்ததில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் உயிரிழந்தார்கள். 1990இல் திரும்பி வரும்போது ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்களை இழந்திருந்தோம். சோறு போட்ட கையே சில மாதங்களில் சுட்டது. இரக்கத்தோடு வல்லரசுக் கணக்கும் கலந்திருந்ததால் வந்த வினை இது.

2009இல் நேர்மாறு. முள்ளிவாய்க்காலில் மக்கள் சின்னஞ்சிறு கடற்கரைத் துண்டுக்குள் நெரிபட்டபோது டில்லி பெரும்பாலும் மௌனம் காத்தது. போர் முடிந்த சில நாட்களில் ஜெனீவாவில் மனித உரிமை மன்றம் கூடி, இலங்கை அரசைப் பாராட்டும் தொனியில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. 2012இலும் 2013இலும் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களை ஆதரித்தோம். 2014இலும் 2021இலும் வாக்களிக்காமல் ஒதுங்கினோம். கடைசிக் கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் சொன்னது. இறந்தவர்களின் எண்ணிக்கை ஒன்றேதான். நம் வாக்கு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறியது.

நடுவழி இல்லையா என்றால் உண்டு, அதை நாமே காட்டியும் இருக்கிறோம். 1950இல் கொரியப் போருக்கு இந்தியா சண்டைப்படை அனுப்ப மறுத்து, 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. தலைமை ஏற்றுப் போனவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். மருத்துவப் பிரிவு ஒன்று போரின் முடிவை மாற்றப்போவதில்லை. ஆனாலும் அங்கே கூடாரத்தில் காயத்துக்குத் தையல் போட்ட கையை யாரும் சந்தேகிக்கவில்லை. 1942இல், நாடே இன்னும் அடிமைப்பட்டிருந்த காலத்தில், நவாநகர் ஜாம் சாகேப் போலந்தின் அநாதைக் குழந்தைகளை ஜாம்நகர் அருகே பாலாசடியில் குடிவைத்து வளர்த்தார். தன் நாட்டுக்குச் சொந்தமாக ஒரு வெளியுறவுக் கொள்கை வைத்துக்கொள்ளக்கூட அதிகாரம் இல்லாதவர் அவர். கடமைக்குப் பெரிய வல்லமை வேண்டும் என்பது பெரும்பாலும் தட்டிக்கழிப்பவர் சொல்வது.

பேகன்

இந்த மலையடிவாரத்தை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை நமக்கெல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதோடு நிறுத்திவிடுவார்கள். புறநானூறு அதோடு நிற்கவில்லை. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தான்; அவள் அழுதுகொண்டிருந்தாள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவன் வாசலில் வந்து நின்றார்கள். பரிசில் கேட்டு வருவது அவர்களுடைய பிழைப்பு. அவர்களோ, எங்களுக்குப் பொருள் வேண்டாம், நீ போய் அவள் துயரைத் தீர், அதுவே நாங்கள் கேட்கும் பரிசு என்றார்கள்.

கேட்காத மயிலுக்குக் கொடுத்தவனிடம், கேட்க உரிமையுள்ளவளைத் தவிக்கவிட்டது ஏன் என்று கேட்ட புலவர்கள் அவர்கள். ஈகை புகழ் தரும். எப்போது கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று கொடுப்பவரே முடிவு செய்யலாம். கடனில் அந்தச் சௌகரியம் கிடையாது. நாம் அகதிகளிடம் இதுவரை பேகனாகவே நடந்திருக்கிறோம். போர்வையைக் குறைசொல்ல முடியாது. ஆனால் போர்வையைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் நம்மால் முடிந்திருக்கிறது.

1991 மே 21க்குப் பிறகு நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலைக்கும் மண்டபத்தில் ரேஷன் வரிசையில் நின்ற பெண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் முகாம் மாணவர்களின் உயர்கல்வி இடங்கள் பறிபோயின. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போவதற்குத் தடை வந்தது. 1992 முதல் ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். மனமொப்பித்தான் போகிறார்களா என்ற கேள்வி உலக அளவில் எழுந்த பிறகே அகதிகளுக்கான ஐ.நா. ஆணையம் சென்னையில் இருந்து அதைக் கண்காணிக்க இடம் கிடைத்தது. சட்டப்படி உரிமை இருந்திருந்தால் பறிக்க ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கும். தயவாக இருந்ததால் ஒரு கையெழுத்தே போதுமாயிற்று.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. நமக்கென்று அகதிகள் சட்டமும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளைப் பெயர் சொன்னது. இலங்கை அதில் இல்லை. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு வந்தபோது, உலகெங்கிலுமிருந்து வருவோரை ஏற்க இந்தியா ஒன்றும் தர்மசாலை அல்ல என்ற பொருளில் ஒரு கருத்து உதிர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய வெளிநாட்டவர் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தார்கள். நல்லதுதான், சிறைப் பயம் போயிற்று. ஆனால் விலக்கு என்பதும் ஓர் ஆணைதான். இன்னோர் ஆணை வந்தால் போய்விடும்.

தர்மசாலை என்று சொன்னதும் நம்முடைய சத்திரங்கள் ஞாபகம் வருகின்றன. நம் முன்னோர் சத்திரத்தையோ நந்தாவிளக்கையோ தன் மனம் இருக்கும்வரை நடத்துகிறேன் என்று விட்டுப்போகவில்லை. இன்ன நிலம், இத்தனை கலம் நெல், இன்னாருக்கு இத்தனை வேளைச் சோறு என்று கல்லில் வெட்டினார்கள், செம்பில் எழுதினார்கள். காப்பவரை வணங்கி, அழிப்பவரைச் சபித்து முடித்தார்கள். தன் மகன் தன்னைப் போல் இருக்கமாட்டான் என்பது தெரிந்தே எழுதினார்கள். இன்று நாம் கூடியிருக்கும் இந்த அறக்கட்டளையும் அந்த வழிதான். ஒரு சொற்பொழிவுக்கே பத்திரம் பதிவு செய்யும் நாடு, மூன்று லட்சம் பேருக்குக் கொடுத்த அடைக்கலத்தை வாய்மொழியில் விட்டுவைத்திருக்கிறது.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம், நம் ஏழைகளை முதலில் கவனியுங்கள் என்பது. இந்த மலையில் அதற்கு வலு அதிகம். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் பட்டாவுக்கு அலையும் பளியர் குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களைக் காட்டி இவர்களுக்கு மறுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கூப்பில் தாயகம் திரும்பியவரைக் கட்டிப்போட்டதும் பளியரைக் காட்டை விட்டுத் துரத்தியதும் ஒரே வகை அநியாயம். நிலத்துக்கும் நிலைக்கும் சான்று இல்லாதவனை யாரும் என்னவும் செய்யலாம் என்பதே அதன் அடிப்படை. ஒருவருக்குச் சான்று கொடுக்கும் பழக்கம் வந்தால் மற்றவருக்கும் அது எளிதாகும். பணம் இல்லை என்ற பேச்சுக்கு உகாண்டா பதில் சொல்கிறது. 1972இல் ஆசியர்களைத் துரத்திய அதே நாடு, 2006இல் ஒரு சட்டம் இயற்றி அகதிகளுக்கு வேலை செய்யவும் நடமாடவும் உரிமை கொடுத்தது; குடியேற்றப் பகுதிகளில் பயிர் செய்யத் துண்டு நிலமும் கொடுத்துவருகிறது. அது நம்மைவிடப் பணக்கார நாடு இல்லை.

இரண்டாவது, பாதுகாப்பு. பயப்பட வேண்டிய ஆள் யார் என்று அறிய ஆளுக்கொரு விசாரணை வேண்டும். அதற்குச் சட்டம்தான் வழி. சட்டம் இல்லாதபோது ஒருவன் செய்ததற்கு முகாம் முழுவதும் தண்டனை பெறும். 1991இல் பெற்றது.

மூன்றாவது எதிர்வாதம் கனமானது. எல்லாருக்கும் இங்கே குடியுரிமை கொடுத்துவிட்டால், தமிழரைத் துரத்தியவர்களின் வேலை எளிதாகாதா? நாடு திரும்பிச் சொந்த மண்ணில் உரிமை கேட்பதே நீதி அல்லவா? முகாம் மக்களுக்காக 1984 முதல் பாடுபட்ட செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் திரும்பிப்போவதையே வலியுறுத்தி வந்தார். அதை நான் மதிக்கிறேன். எனவேதான், இங்கேயே இரு என்றும் அங்கே போ என்றும் அரசு முடிவு செய்வதை எதிர்க்கிறேன். 1964இல் இரண்டு அரசுகள் சேர்ந்து முடிவு செய்தன, அதன் விளைவை இந்த மலை பார்த்தது. திருகோணமலையில் வயல் வைத்திருக்கும் முதியவர் திரும்ப விரும்புவார். தோட்டனூத்தில் பிறந்த அவருடைய பேத்திக்கு அந்த வயல் தெரியாது. தாத்தாவுக்குக் கப்பல் டிக்கெட்டும் பேத்திக்குக் குடியுரிமையும் கொடுக்கும் சட்டம் இருக்க முடியும்.

ஐரோப்பாவைப் பாருங்கள். கொசோவோ அனுபவத்துக்குப் பின் 2001இல் ஒரு தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம் எழுதினார்கள். சிரியர்கள் வந்தபோது அதை எடுக்கவில்லை. உக்ரைனியர் வந்தபோது, 2022 மார்ச்சில், சில நாட்களில் எடுத்தார்கள்; தங்கவும் வேலை செய்யவும் படிக்கவும் பல லட்சம் பேருக்கு வழி பிறந்தது. யாருக்கு எடுத்தார்கள், யாருக்கு எடுக்கவில்லை என்பதில் அவர்களுடைய அவமானம் இருக்கிறது. என்றாலும், எழுதி வைத்திருந்ததால்தான் கேட்கவாவது முடிகிறது.

என்ன எழுத வேண்டும்

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. தொண்ணூறுகளில் நீதிபதி பி.என். பகவதி தலைமையில் ஒரு மாதிரிச் சட்டம் வரையப்பட்டது. சசி தரூர் 2015இல் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். இரண்டும் சட்டமாகவில்லை. என்னைக் கேட்டால், அந்தச் சட்டத்தில் நான்கு வாக்கியங்கள் இருந்தால் போதும். ஒன்று, போருக்குத் தப்பி வந்த எவரையும் அவர் உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. இரண்டு, வந்தவரின் விண்ணப்பத்தை மதமும் நாடும் பாராமல் ஆளுக்கொன்றாக விசாரிக்க வேண்டும். மூன்று, குறிப்பிட்ட ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவரும் இங்கே பிறந்த பிள்ளைகளும் விரும்பினால் குடியுரிமை பெறலாம், விரும்பினால் உதவியோடு நாடு திரும்பலாம். நான்கு, குடியுரிமை கொடுக்கும்போது அதனோடு வேலைக்கோ நிலத்துக்கோ ஒரு வழியும், சான்றிதழ்கள் அனைத்தும் சேர்ந்தே வர வேண்டும். முதல் மூன்றையும் வேறு நாடுகளின் சட்டப் புத்தகங்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நான்காவதை நாம் கற்றது இந்த மலையில், சீகைக் கூப்பில்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கொடைக்கானல் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கிறது. தோட்டனூத்தும் அதே மாவட்டம்தான். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் காசாவைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். நல்ல பதில் சொல்வார், அதில் அவருக்குச் செலவில்லை. பிறகு அகதிகள் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் கை தூக்குவீர்களா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் தரும் பதிலை வைத்து முதல் பதிலை எடைபோடுங்கள். முகாமில் இருப்பவர்களால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது, அவர்களுக்கு வாக்கில்லை. உங்களுக்கு இருக்கிறது.